வெளிச்சுத்து

எனக்குக் கோபம் வந்தால் இரண்டு காதும் சூடாகிவிடும். அன்றைக்குப் பல் துலக்குவதற்கு முன்பே சூடாகிவிட்டது. எங்கள் ஆராய்ச்சிக் குழுவிலிருக்கும் கியாரா அனுப்பிய மின்னஞ்சல்தான் காரணம்.

"அன்புள்ள ரோஜா, நேருக்கு நேர் மோதல்களில் நீ சராசரியை மட்டும் காட்டுகிறாய். ஒவ்வொரு மோதலிலும் எவ்வளவு சக்தி வந்தது என்று பிரித்துப் படம் போட்டுக் காட்ட முடியுமா? இன்றைய கூட்டத்துக்கு முன் அனுப்பினால் நல்லது."

மூன்றாவது முறையாகக் கேட்கிறாள். மூன்று வருடம் நான் உழைத்துக் கண்டுபிடித்த எண்ணை இத்தாலியில் உட்கார்ந்துகொண்டு இவள் சந்தேகப்படுவாளாம். 'முடியாது, நேரமில்லை' என்று பதில் போட்டேன். அது பொய். அந்தப் படம் போடப் பத்து நிமிடம் போதும். எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

நான் நாரணாபுரத்துக்காரி. அப்பா, அம்மா, தங்கை ஹர்ஷினி மூன்று பேரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். நான் மட்டும் இயற்பியல் படித்துக் கொல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறேன். பத்து நாள் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். லீவு என்று பெயர்தான், லேப்டாப் மடியைவிட்டு இறங்கவில்லை.

என்ன வேலை என்று எங்கள் தெருவில் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். ஈயத்தின் அணுக்கரு ஒன்றில் இருநூற்றெட்டுத் துகள்கள். இருநூற்றெட்டு வெடி கோத்த சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெனீவா பக்கத்தில், பூமிக்கு அடியில், அப்படி இரண்டு சரங்களை எதிரெதிராக ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடவிடுகிறார்கள். ஒன்றின்மேல் ஒன்று படுகிற பாகம் வெடிக்கிறது. அப்போது பக்கவாட்டில் தெறிக்கும் சக்தி எவ்வளவு என்று அளப்பது என் வேலை. படாத பாகம் வெடிக்காமல் நேராகப் போய்விடும். நூறு மீட்டருக்கு அப்பால் ஒரு பெட்டி வைத்து, அதில் வந்து விழும் வெடிக்காத துகள்களைப் பிடிக்கிறோம். நிறைய விழுந்தால் ஓரத்தில் உரசிய மோதல். பெட்டி காலியாக இருந்தால் எல்லாம் வெடித்துவிட்டது, நேருக்கு நேர் மோதல் என்று அர்த்தம். வெடித்ததை எண்ண முடியாது, அது பொடிப்பொடியாகிவிடும். வெடிக்காததை எண்ணித்தான் வெடித்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வித்தை எனக்கு இயற்பியல் படிக்கும் முன்பே தெரியும். எங்கள் ஊரில் சரவெடிக்குச் சாம்பிள் பார்ப்பதும் இப்படித்தான்.

மோதல் முழுமையாக ஆக ஆக, வெடித்த ஒவ்வொரு துகளுக்கும் கிடைக்கும் சக்தி கூடிக்கொண்டே போகும். இது எல்லோருக்கும் தெரிந்தது. என் கணக்கில் மட்டும் கடைசிப் படியில், மிக முழுமையான மோதல்களில், அது நூற்றுக்கு ஆறு பங்கு இறங்கியது. இதுவரை யாரும் பார்க்காத இறக்கம். உண்மையென்றால் மோதலின் கொதிப்பில் பொருளுக்கு என்னவோ புதிதாக நடக்கிறது. அன்று மாலை நாலரை மணிக்கு எங்கள் குழுவின் கூட்டம். அவர்கள் சரியென்றால் கட்டுரையில் என் பெயர் முன்னால் வரும், இந்த வருடப் பெரிய மாநாட்டு மேடையில் நான் பேசுவேன். சரியில்லையென்றால் மூன்று வருடமும் தண்ணீரில் போட்ட மாதிரி.

எனக்குச் சந்தேகமே இல்லை. என் முறை அவ்வளவு சுத்தம். மற்றவர்கள் இரண்டாவதாக இன்னொரு சின்னப் பெட்டியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அது மோதலில் தெறித்த சக்தியையும் கொஞ்சம் காட்டும். சக்தியை அளக்கப் போகிறவள் சக்தியை வைத்தே மோதலைப் பொறுக்கினால் அது கள்ள ஆட்டம் என்று வாதாடி, அந்த இரண்டாவது சோதனையை நான் தூக்கிவிட்டேன். வாதத்தில் என்னை ஜெயிக்க யாராலும் முடியவில்லை. எனக்கு வாய் அதிகம்.

"அக்கா, லேப்டாப்பை மூடிட்டுக் கெளம்பு," என்று ஹர்ஷினி வாசலில் நின்றாள். வலது கணுக்காலில் கட்டு. மூன்று நாளைக்கு முன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சுளுக்கிக்கொண்டாள். அவள்தான் கம்பெனியில் சாம்பிள் எண்ணுகிறவள். "அண்ணாச்சி போன் பண்ணிட்டாக. மதியம் லாரி வருது, அதுக்குள்ள சாம்பிள் பாக்கணுமாம். என்னால நடக்க முடியாது. நான் ஒக்காந்து எழுதுறேன், நீ எண்ணு."

"நானா? எனக்குச் சாயங்காலம் கூட்டம் இருக்குடி."

"சாயங்காலந்தான? அம்புட்டுப் பெரிய மிஷின்ல எண்ணுறவளுக்கு ஆயிரம் வெடி எண்ணத் தெரியாதோ?"

இப்படிச் சீண்டினால் நான் போய்விடுவேன் என்று அவளுக்குத் தெரியும். போனேன்.

சாம்பிள் பார்க்கும் பொட்டல் கம்பெனி கேட்டுக்கு வெளியே இருக்கிறது. நடுவில் சுண்ணாம்பில் பெரிய வட்டம் போட்டிருக்கும். சுற்றிலும் முள்கம்பி வேலி, வேலிக்கு அப்பால் சீமைக் கருவேலங்காடு. போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனோம். ஃபோர்மேன் காளீஸ்வரன் அண்ணாச்சி ஆயிரம் வெடிச் சரம் ஒன்றை வட்டத்தின் நடுவில் விரித்துக்கொண்டிருந்தார். அறுபது பேர் இரண்டு நாள் செய்த சரக்குக்கு அந்த ஒரு சரந்தான் சாட்சி. ஆயிரத்தில் முப்பதுக்கு மேல் வெடிக்காமல் கிடந்தால் மொத்தச் சரக்கும் திரும்பப் போய்த் திரியை மாற்ற வேண்டும்.

"பெரியவளா வந்திருக்கா?" என்றார் என்னைப் பார்த்து. "முறை தெரியும்லா? எண்ணினவதான் பேரைச் சொல்லிச் சத்தமாக் கணக்குச் சொல்லணும். முணுமுணுக்கக் கூடாது."

"எங்களுக்கும் தெரியும் அண்ணாச்சி. நீங்க பத்த வைங்க."

பற்ற வைத்தார். சரம் வெடிக்கத் தொடங்கியதும் எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சத்தம் எங்கள் ஊரின் சத்தம். நடுவில் எங்கேயோ ஒரு நொடி தடுமாறின மாதிரி இருந்தது, புகையில் எதுவும் தெரியவில்லை, பிறகு ஓய்ந்துவிட்டது. கால் மணி நேரம் காத்திருந்தோம். அதற்குப் பிறகுதான் வட்டத்துக்குள் கால் வைக்கலாம்.

விளக்குமாற்றால் காகிதக் குப்பையை ஒரு பக்கமாகக் கூட்டி, குனிந்து பொறுக்கினேன். மொத்தமே ஒன்பது. வேப்பமரத்தடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஹர்ஷினி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "வெளிச்சுத்துப் போயிட்டு வந்து சொல்லு," என்றாள்.

வெளிச்சுத்து என்றால் வேலிக்கு வெளியே, அதை ஒட்டி ஒரு முழுச் சுற்று நடப்பது. முள்ளும் வெயிலுமாக இருந்தது. வட்டமோ துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். ஆயிரத்தில் ஒன்பது என்பது அருமையான கணக்கு. இதற்கு மேல் வேலியில் என்ன கிடக்கப் போகிறது?

"ஒண்ணும் இருக்காதுடி. எழுது."

"போனியா, போகலையா?"

"ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?" காது சூடானது. வட்டத்தின் நடுவில் நின்று தொண்டையைத் திறந்தேன். "ரோஜா எண்ணினது, ஒன்பது!"

கேட்டருகே நின்ற பெண்கள் சிரித்தார்கள், ஒருத்தி விசிலடித்தாள். காளீஸ்வரன் அண்ணாச்சி தலையாட்டிவிட்டு லாரிக்காரருக்குச் சொல்லியனுப்பினார். பெட்டிகளைக் கட்டத் தொடங்கினார்கள். ஹர்ஷினி நோட்டில் எழுதினாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணி இருக்கும். லாரி வந்து பின்பக்கத்தைத் திறந்து நின்றபோது வேலிக்கு அப்பாலிருந்து ஒரு கூச்சல் கேட்டது.

"எந்தக் கூறுகெட்டவ எண்ணினது? என் ஆடு வெடியத் திங்குது! நீங்கள்லாம் மனுசப் பெறவிகதானா?"

ஆடு மேய்க்கும் இருளம்மாள் சித்தி. நாங்கள் ஓடினோம். கருவேலஞ்செடிக்கு அடியில் வெடிக்காத சரம் ஒரே கொத்தாகக் கிடந்தது. ஒரு வெள்ளாட்டுக் குட்டி அதன் சிவப்புக் காகிதத்தைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது. சித்தி ஆட்டை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அங்கே ஒருவர் பீடியை வீசியிருந்தால்?

காளீஸ்வரன் அண்ணாச்சி வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, நனைந்த கொத்தைத் தூக்கி வந்து எண்ணினார். இருநூற்றுப் பதினான்கு. வெடித்த வேகத்தில் சரம் நடுவில் அறுந்து, வெடிக்காத பாகம் கொத்தாகவே வேலியைத் தாண்டிப் போய் விழுந்திருக்கிறது.

"ஹர்ஷினி," என்றார் நோட்டைப் பார்த்து. "இது ஒன் எழுத்து."

"எழுதினதுதான் அவ. எண்ணினது நான். வெளிச்சுத்துப் போகச் சொன்னா, நான் போகலை. தப்பு என்னோடது அண்ணாச்சி."

"அப்ப நீயே மறுத்துச் சொல்லு. நின்ன எடத்துலயே நின்னு சொல்லு. மொதல்ல பழைய கணக்கு, பெறகு புதுக் கணக்கு, பெறகு எதச் செய்யாம விட்டங்கிறது."

எனக்கு இப்படி ஒரு முறை இருப்பதே தெரியாது. அறுபது பேரும் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். இந்த முறை யாரும் விசிலடிக்கவில்லை. சரக்கு திரும்பினால் திரி மாற்றும் வேலை அவர்கள் தலையில்தானே? வட்டத்தின் நடுவில் போய் நின்றேன்.

"ரோஜா எண்ணினது. ஒன்பதுன்னு சொன்னேன். ஒன்பது இல்ல, இருநூத்தி இருபத்தி மூணு. வேலியச் சுத்திப் பாக்காம சொல்லிட்டேன்."

அவமானம் பிடுங்கித் தின்றது. தலையைக் குனிந்துகொண்டேன். காலடியில் சுண்ணாம்பு வட்டம் பளிச்சென்று கிடந்தது. எவ்வளவு சுத்தம்! அது சுத்தமாக இருந்ததால்தானே நான் ஏமாந்தேன் என்று நினைத்தேன். எல்லாம் வெடித்தாலும் வட்டம் சுத்தம். கொத்தாகப் பறந்து போனாலும் வட்டம் சுத்தம்.

அடிப்பாவி! என் பெட்டி!

"அக்கா, என்னாச்சு? தலை சுத்துதா?" என்று ஹர்ஷினி நொண்டிக்கொண்டே வந்தாள்.

"வீட்டுக்குப் போகணும். இப்பவே."

ஆட்டோவில் போகும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் பெட்டியில் நேராக வரும் தனித் துகள்கள்தான் விழும், அதிலும் மின்சாரம் இல்லாதவை மட்டும். மின்சாரம் உள்ள எதையும் வழியிலிருக்கும் காந்தங்கள் ஒதுக்கித் தள்ளிவிடும். ஓரத்தில் மெல்ல உரசிய மோதலில் சரம் அவ்வளவாகச் சிதறாது. பெரிய துண்டாக, கொத்தாகவே மிஞ்சும். அந்தக் கொத்துக்கு மின்சாரம் உண்டு. காந்தம் அதை என் பெட்டிக்குப் பக்கவாட்டில் ஒதுக்கிக் கொண்டுபோய்விடும். பெட்டி காலி. காலிப் பெட்டியைப் பார்த்து நான் 'ஆகா, எல்லாம் வெடித்துவிட்டது' என்று எழுதிவிடுவேன். சின்னப் பெட்டியில் சக்தி இல்லையென்றால் அது வெறும் உரசல் என்று தெரிந்துவிடும், நான் தூக்கிப் போட்ட அந்த இரண்டாவது சோதனை இதற்காகத்தான் இருந்தது. அதுதான் வெளிச்சுத்து. பாடப்புத்தகத்திலேயே இருக்கிற விஷயம். கொத்துக் கொஞ்சந்தான் இருக்கும், கணக்கை மாற்றாது என்று வாயாலேயே அதைத் தள்ளியிருந்தேன்.

வீட்டில் லேப்டாப்பைத் திறந்து, கியாரா கேட்ட படத்தைப் போட்டேன். பத்து நிமிடங்கூட ஆகவில்லை. நேருக்கு நேர் மோதல் என்று நான் பொறுக்கிய நாற்பதாயிரத்தில், பெரும்பாலானவை ஓரிடத்தில் பெரிய மேடாக நின்றன, மலை போலச் சக்தியோடு. இன்னொரு மூலையில், சக்தி ஏறக்குறைய ஒன்றுமில்லாத இடத்தில், சின்னதாக ஒரு மேடு. எண்ணினேன். இரண்டாயிரத்து எழுநூறு. அவற்றைத் தூக்கிவிட்டுச் சராசரியை மறுபடி போட்டேன். இறக்கம் போய்விட்டது. கோடு எல்லோரும் சொன்னபடியே, அழகாக, ஏறிக்கொண்டு போனது.

நான் அழுதேன். சும்மா கண் கலங்கவில்லை, வாய்விட்டே அழுதேன். மூன்று வருடம். அந்த இறக்கத்துக்கு மனதுக்குள் பெயர்கூட வைத்திருந்தேன். மேடையில் எந்தச் சேலை கட்டுவது என்றுகூட முடிவு செய்திருந்தேன், போயும் போயும்.

ஹர்ஷினி காலை நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டு இருவர் முன்னாலும் ஆறிக் கிடந்தது.

"அந்த இத்தாலிக்காரிக்கு இது தெரியுமா?"

"சந்தேகந்தான். கையில ஒண்ணும் கெடையாது. ரெண்டாவது சோதனை இல்லாத கணக்கு எங்கிட்ட மட்டுந்தான் இருக்கு."

"அப்ப இன்னைக்கு நீ சொன்னா ஒத்துக்கிருவாகளா?"

யோசித்தேன். கூட்டத்தில் பாதிப் பேர் என் பக்கம். எல்லோருக்கும் புதிது வேண்டும். என் வாய்க்கு முன்னால் கியாரா எந்த மூலை?

"ஒத்துக்கிருவாக."

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். ஒரு அரை மணி நேரம் கெட்ட எண்ணமெல்லாம் என் மண்டைக்குள் வந்து போயிற்று, அதை மறைக்க மாட்டேன். இன்றைக்குச் சரி வாங்கிக்கொண்டு, மாநாடு முடிந்தபின் மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது.

"என்னக்கா முழிக்கிற?" என்றாள் ஹர்ஷினி.

"காலையில காளீஸ்வரன் அண்ணாச்சி முன்னால, அம்புட்டுப் பொம்பளைக முன்னால சொன்னேன். இவுகளுக்கு முன்னால சொல்ல மாட்டேனாக்கும்?"

"அதான பாத்தேன்," என்று அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

நாலரைக்குக் கூட்டம் தொடங்கியது. திரையில் ஐம்பத்து மூன்று பேர். தலைவர் என் பெயரைச் சொன்னதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். கேமராவில் என் கழுத்துதான் தெரிந்திருக்கும். பரவாயில்லை. உட்கார்ந்துகொண்டு சொல்ல எனக்கு வரவில்லை.

"நான் ரோஜா. கடைசிப் படியில் சக்தி நூற்றுக்கு ஆறு பங்கு இறங்குகிறது என்று சொன்னேன். இறங்கவில்லை. நூற்றுக்கு ஒரு பங்கு ஏறுகிறது. நாற்பதாயிரத்தில் இரண்டாயிரத்து எழுநூறு மோதல்கள் உரசல்கள். அவற்றை முழு மோதல் என்று எண்ணிவிட்டேன். இரண்டாவது சோதனையை வேண்டாம் என்று தூக்கியது நான்தான். கியாரா மூன்று முறை கேட்ட படம் இதோ. நேரமில்லை என்று காலையில் நான் எழுதியது பொய்."

என் பக்கம் இருந்தவர்களின் முகங்கள் சின்னச் சின்னச் சதுரங்களில் தொங்கிப் போயிருந்தன. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படியானால் மாநாட்டில் உனக்குக் கொடுத்த நேரம்..." என்று இழுத்தார்.

"வேண்டாம். வேறு யாருக்காவது கொடுங்கள்."

அப்போது கியாரா மைக்கைத் திறந்தாள். ஜெயித்துவிட்டேன் என்று பேசுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இந்தப் படியில் என் எண் உன் புதிய எண்ணைவிட நூற்றுக்கு இரண்டு பங்கு அதிகமாக இருக்கிறது," என்றாள். "என்னிடமும் எங்கோ ஏதோ தப்பு இருக்கலாம். என் மோதல்களை அனுப்புகிறேன். ஒவ்வொன்றாக நீ எண்ணிப் பார்க்கிறாயா?"

"நானா?"

"நீதான். வேறு யார் எண்ணினாலும் நான் இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கும்."

தலையை ஆட்டினேன், கழுத்து ஆடியதை அவள் பார்த்திருப்பாள்.

மறுநாள் திரி மாற்றிய சரக்கு தயாராகிவிட்டது. அறுபது பேரும் முதல் நாள் விளக்கு வைக்கும்வரை உட்கார்ந்து முடித்தார்களாம். காலையில் ஹர்ஷினி கட்டை இறுக்கிக்கொண்டு வேறு யாரையோ கூப்பிடப் போனை எடுத்தாள். நான் அதைப் பிடுங்கினேன்.

பொட்டலில் நேற்றைய பெண்கள் கேட்டில் நின்றார்கள். ஒருத்தி, "இன்னைக்காச்சும் கண்ணத் தொறந்து எண்ணு தாயி," என்றாள். என் காது சூடாகவில்லை, அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. காளீஸ்வரன் அண்ணாச்சி பற்ற வைத்தார். கால் மணி நேரம் காத்திருந்தோம்.

வட்டத்துக்குள் நான் காலே வைக்கவில்லை. நேராக வேலிக்கு வெளியே போனேன். ஒவ்வொரு செடியாக விலக்கி, முள் கிழிக்கக் கிழிக்க, முழுச் சுற்றும் நடந்தேன். கருவேலங்காட்டு ஓரத்தில் இருளம்மாள் சித்தி ஆட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்து நின்றாள். "இங்கன ஒண்ணும் இல்ல, நானும் பாத்துட்டேன்," என்றாள். அப்படியும் அந்தச் செடிக்கு அடியில் நான் ஒரு முறை குனிந்து பார்த்தேன்.

பிறகு வட்டத்துக்கு வந்து கூட்டினேன், பொறுக்கினேன், எண்ணினேன்.

"எம்புட்டு?" என்றார் அண்ணாச்சி.

"ரோஜா எண்ணினது. வெளிய ஒண்ணும் இல்ல. உள்ள பதினேழு."

என் கையிலிருந்ததை அவர் வாங்கி மறுபடி எண்ணுவார் என்று நீட்டினேன். அவர் வாங்கவில்லை. லாரிக்காரரைப் பார்த்து, "ஏத்துங்கப்பா," என்றார்.